பூ வைக்காதவள்

சிதம்பரத்தில் அறிவுமதிக்கு வளைகாப்பு. மஞ்சக்குப்பம் ஆபீசில் அவளோடு வேலை பார்க்கும் ஜெயராணியும் ஸ்ரீமதியும் கடலூரிலிருந்து வந்திருந்தார்கள்.

ஜெயராணி வளையலை எடுத்ததும், அறிவுமதியின் மாமியார் ஞானாம்பாள் அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"நீ வேணாம்மா. தலையில பூ இல்ல, நெத்தியில பொட்டு இல்ல. இது சுமங்கலிங்க செய்யிற காரியம்."

எல்லோரும் பார்க்க, ஜெயராணி தலைகுனிந்து நின்றாள்.

"அத்தை, அவுங்க..." என்று ஆரம்பித்தாள் அறிவுமதி.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், சும்மா இரு" என்ற ஞானாம்பாள், வளையலை வாங்கி, தலை நிறைய மல்லிகையோடு நின்ற ஸ்ரீமதியிடம் கொடுத்தாள். "மகாலட்சுமி மாதிரி இருக்கே. நீ போடும்மா."

ஸ்ரீமதி போடவில்லை.

"ஜெயராணி வீட்டுக்காரரு வாசல்ல பைக்க நிறுத்திட்டு இருக்காரு. அவுங்க பெந்தெகொஸ்தே சபை. அங்க பொம்பளைங்க பூ, பொட்டு எதுவும் வைக்கமாட்டாங்க. கல்யாணத்தன்னிக்கே அவ பூ வைக்கல."

ஞானாம்பாள் தடுமாறினாள். "எனக்கு எப்படிம்மா தெரியும்? சரி, நேரமாவுது. நீ போடு."

"என் வீட்டுக்காரரு செத்து மூணு வருஷம் ஆவுதும்மா. பூ நான் சின்னப் புள்ளையிலேருந்து வைக்கிறேன். அவரு குடுத்ததில்ல, அவரோட போறதுக்கு."

வளையலைத் திரும்ப வாங்க ஞானாம்பாளின் கை நீண்டது. அதற்குள் அறிவுமதி தன் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"குடுக்காதீங்கக்கா. முதல்ல நீங்க ரெண்டு பேரும் போடுங்க. மத்தவங்க அப்புறம் போடட்டும்."