ரோலருக்கு உடம்பு சரியில்லை

அந்த ரோடு ரோலருக்கு ஒரு குறையும் இல்லை. அதிகாரி மூன்று தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டார். மூன்று தடவையும் சொன்ன பேச்சுக் கேட்டது.

அப்படிப்பட்ட வண்டிதான் கடல் தாண்டி, தீவிலிருந்து இந்தத் துறைமுக ஒர்க்‌ஷாப்புக்கு ரிப்பேர் என்று வந்து நிற்கிறது. ஒரு வருஷத்தில் இது ஒன்பதாவது தடவை!

"போன தடவை என்ன கோளாறு?"

ஃபோர்மேன் பைலைப் புரட்டினார். "பிரேக் சார்."

"அதுக்கு முந்தி?"

"ஏதோ சத்தம் வருதுன்னாங்க."

"வந்துச்சா?"

"நாங்க கேட்டப்ப வரலை சார்."

அதிகாரி குனிந்து ரோலரின் உருளையைப் பார்த்தார். கம்பெனியில் அடித்த மஞ்சள் பெயின்ட் மெருகு குலையாமல் இருந்தது.

"இது ரோட்டைக் கண்ணாலயே பார்த்ததில்லையே! அந்தத் தீவுல ரோடு எவ்வளவு நீளம்?"

"முந்நூறு அடி இருக்கும் சார். ஆனா நல்ல ரோடு."

அதிகாரி தலைமை அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வந்து நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் 'ரூல் சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. காரணம் இருக்கிறது. பெரிய எந்திரங்களைத் தீவுகளுக்கு ஏற்றிப் போகும் தட்டைக் கப்பலை இங்கே எல்லோரும் பார்ஜ் என்பார்கள். பத்து டன்னுக்குக் குறைந்த சரக்குக்காக பார்ஜ் எந்தத் தீவுக்கும் போகக் கூடாது என்று போன வருஷம் ஒரு விதி வந்தது. எழுதியவர் சாட்சாத் இவர்தான். டீசல் எக்கச்சக்கமாக மிச்சமாகி, பாராட்டுக் கடிதமும் வந்தது. அதை ஃபிரேம் போட்டு மேஜை மேல் வைத்திருக்கிறார்.

"இந்த ரோலர் எத்தனை டன்?"

"பத்தரை சார். ரூலுக்கு அரை டன் மேலயே இருக்கு."

"ஆக, கல்லு மாதிரி இருக்கிற வண்டி கப்பல் ஏறி ஊர் சுத்துது. யாருய்யா இதை அனுப்பறது?"

"தீவுத் தலைவியம்மா சார். கூடவே வந்திருக்காங்க."

வாசலில் நின்றிருந்த அந்தம்மா உள்ளே வந்து கும்பிட்டார்.

"ஏம்மா, உங்க ரோலருக்கு என்ன பண்ணுது?"

"அதுக்கு முடியலை சார்."

"எங்க முடியலை?"

"பொதுவா."

அதிகாரிக்குச் சுர்ரென்று ஏறியது. "யார் காதுல பூ சுத்தறீங்க? வண்டி நல்லா இருக்கு, அஞ்சு வருஷத்துக்கு இங்க கொண்டு வரக் கூடாதுன்னு ரிப்போர்ட் எழுதியாச்சு. கையெழுத்துதான் பாக்கி."

அந்தம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "அஞ்சு வருஷமா?" என்றார். அப்புறம் மெதுவாக, "கையெழுத்தை நாளைக்குப் போடுங்களேன் சார். இன்னும் இறக்கி முடியலை" என்றார்.

"என்ன இறக்கி முடியலை? ரோலர்தான் இங்க நிக்குதே!"

அந்தம்மாவின் கண் பார்ஜ் நின்ற பக்கம் போனது. ஃபோர்மேன் கூரையில் எதையோ தேடினார்.

சரிதான், கடத்தல்! அதிகாரி பேனாவைப் பையில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று பார்ஜுக்கு நடந்தார். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

சாய்தளத்தில் நின்ற காவலரிடமிருந்து பட்டியலைப் பிடுங்கினார். 'எந்திரத்துடன் வரும் பணியாளர்கள்: 12.' ஒரு ரோலருக்குப் பன்னிரண்டு பேர்!

"எல்லாரையும் வெளிய வரச் சொல்லுய்யா. ரோலர் டிரைவர்!"

எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் தட்டுத்தடுமாறி வந்தார். ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்றில் புரை.

"கிளச் மெக்கானிக்!"

இரண்டு ஊன்றுகோல்களோடு ஒரு பள்ளிக்கூடப் பெண் வந்தாள். காலில் மாவுக்கட்டு.

"ஹெல்பர்!"

நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, இடுப்பில் கையை ஊன்றி, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தாள். அதிகாரி மற்ற ஒன்பது பேரைக் கூப்பிடவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குத்தான் போட் இருக்கேம்மா?"

"வருஷத்துல முக்கால்வாசி நாள் இந்த அலைக்கு போட் வராது சார்" என்றார் தலைவியம்மா. "பார்ஜ்தான் வரும். அதுவும் பத்து டன் இருந்தாத்தான் வரும். எங்க தீவுல பத்து டன்னுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டியதுதானே? எதுக்கு இவங்களை வெயில்ல உட்கார வச்சீங்க?"

"நீங்க ஒர்க்‌ஷாப்புல இருக்கீங்கன்னு சொன்னாங்க சார். பயந்துட்டோம்."

ஃபோர்மேன் தொண்டையைச் செருமினார். "அந்த ரூல் வர்றதுக்கு முன்னாடி ரோலருக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை சார்."

அதிகாரிக்கு வெட்கமாக இருந்தது. தன் ஜீப்பைக் கூப்பிட்டு, கர்ப்பிணியைக் கைபிடித்து ஏற்றிவிட்டார். பெரியவரையும் ஊன்றுகோல் பெண்ணையும் பின்சீட்டில் உட்கார வைத்தார். மற்றவர்களுக்கு ஒர்க்‌ஷாப் வண்டியை வரச் சொன்னார். ஜீப் கிளம்பியதும் தலைவியம்மா பக்கம் திரும்பினார்.

"ரூலை மாத்தச் சொல்லி இன்னைக்கே எழுதறேன். ஆனா உடனே நடக்காது. அதைக் கொண்டு வர்றதுக்கே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

"பரவாயில்லை சார்."

"அடுத்தது யாருக்கும்மா நாள் நெருங்குது?"

"என் மருமகளுக்குத்தான் சார். அடுத்த மாசம் பன்னிரண்டாம் தேதி."

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினார். மேஜை மேல் இருந்த ரிப்போர்ட்டை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்த ஃபோர்மேன் முதல்தடவையாகச் சிரித்தார்.

'ரோலரின் நிலைமை படுமோசம். அடுத்த மாதம் எட்டாம் தேதிக்குள் அவசியம் மறுபடி கொண்டுவர வேண்டும். இவ்வளவு பழுதான வண்டிக்குப் பன்னிரண்டு பணியாளர்கள் போதாது.'