யாருன்னே தெரியாது

“இந்தத் தம்பி உங்களுக்குச் சொந்தமா? கண்ணும் புருவமும் அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கே” என்றார் ஹெட் நர்ஸ்.

“இல்லம்மா. யாருன்னே தெரியாது” என்றார் பன்னிரண்டாம் கட்டிலில் படுத்திருந்தவர்.

பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரத்தோடு நின்ற பயிற்சி நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். முகத்தில் மாஸ்க் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அவன் அவருக்கு ஒரே பிள்ளை.

அப்பா லாரி மெக்கானிக். அம்மா இல்லை. மகன் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறான் என்பதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், “மெடிக்கல் லைன்ல இருக்கான்” என்பார். கேட்டவர்கள் அவர்களாகவே அவனை டாக்டர் ஆக்கிக்கொள்வார்கள். அவர் திருத்தமாட்டார்.

வார்டிலோ, “பொம்பளைங்க வேலைக்கு வந்திருக்கியேப்பா” என்று நோயாளிகள் சிரிப்பார்கள்.

அவனுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. ஊசி போடும்போது ஒருவர் முகம் சுளிக்காமல் இருந்துவிட்டால், அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருக்கும். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. சொந்தக்காரர்களுக்கு டாக்டர், இங்கே கேலிப்பொருள். நிஜத்தில் நான் யார் என்று அடிக்கடி யோசிப்பான்.

இப்போது அப்பாவே பதில் சொல்லிவிட்டார்.

மூச்சுத்திணறல் என்று முந்தின நாள் சாயங்காலம் சித்தப்பா கொண்டுவந்து சேர்த்திருந்தார். அவனுக்குத் தகவல்கூட இல்லை. காலையில் வேலைக்கு வந்தவன் அப்பாவைப் பார்த்துத் திகைத்து, வாயைத் திறப்பதற்குள் அந்தக் கேள்வியும் பதிலும் முடிந்துவிட்டன.

சரி, தெரியாதவர்தானே. மற்றவர்களுக்குச் செய்வதுபோலவே செய்தான். உடம்பைத் துடைத்துவிட்டான். நகக்கண்ணில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த கிரீஸைப் பஞ்சால் சுரண்டி எடுத்தான். மலப்பாத்திரம் வைத்து எடுத்தபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

மற்ற நேரமெல்லாம் ஏவல்தான்.

“தம்பி, தண்ணி.”

“தம்பி, தலகாணி சரியில்ல.”

“தம்பி, அந்த ஜன்னலைச் சாத்து.” சாத்திவிட்டு நாலடி நடந்தால், “திறந்தே இருக்கட்டும்.”

பக்கத்துக் கட்டிலில் சர்க்கரைப் புண்ணோடு படுத்திருந்த ஹோட்டல் சமையல்காரர் சிரிப்பார். “அவரு மாப்பிள்ளை முறுக்குல இருக்காரு. என்னையும் கொஞ்சம் கவனிங்க தம்பி.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை, வேலை வாங்க மட்டும் வருகிறது.

மறுநாள் பார்வை நேரத்தில் சித்தப்பா வந்தார். அவன் ஒரு கை தூரத்தில் நின்று சலைன் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தான். “கொஞ்சம் தள்ளிக்கப்பா” என்று அவனை ஒதுக்கிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவனைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா. மாஸ்க் போட்ட நர்ஸின் முகத்தை யார் பார்க்கிறார்கள்.

“டாக்டருக்குப் படிக்கிற பிள்ளையை வச்சுக்கிட்டு இப்படி அநாதை மாதிரி கெடக்கறீங்களேண்ணே. அவனை வரச் சொல்லட்டா?”

அவன் கை அப்படியே நின்றது. ‘இதோ நிக்கிறான்’ என்று ஒரு வார்த்தை போதும்.

“வேணாம். அவனுக்குப் படிப்பு இருக்கு” என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

சித்தப்பா போனதும் அவன் நேராக ஹெட் நர்ஸிடம் போனான்.

“சிஸ்டர், எனக்கு வேற வார்டு வேணும்.”

“ஏன்? நல்லாத்தானே பாத்துக்கிறே.”

“பன்னெண்டாம் பெட்ல இருக்கறவர் எங்கப்பா.”

“அவரு இல்லேன்னாரே.”

“அவருக்கு என்னைச் சொல்லிக்க வெட்கம்.”

ஹெட் நர்ஸ் பெருமூச்சு விட்டார். “சொந்தக்காரங்க இருக்குற வார்டுல ஸ்டூடண்ட்ஸைப் போடமாட்டோம்னு உனக்குத் தெரியுமில்ல? மொதல்லயே சொல்லியிருக்கணும். நாளையிலேருந்து குழந்தைங்க வார்டுக்குப் போயிடு.”

தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

வாசலைத் தாண்டும்போது “தம்பி” என்று ஒரு குரல் கேட்டது. வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த இரண்டு நாளும் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

அதற்கு மறுநாள் காலை ஆள் வந்து கூப்பிட்டார்கள். ஓடிவந்தபோது பன்னிரண்டாம் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

உள்ளே போனான். யாரோ அவசர அவசரமாக முகம் துடைத்திருக்க வேண்டும். காதோரம் சோப்பு காய்ந்திருந்தது. ஈரத்துணியால் அதைத் துடைத்தான். “அப்பா” என்றான். அந்த வார்டில் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவனின் கையைச் சமையல்காரர் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, ஒண்ணு சொல்லணும். நீங்களாவது என்னைத் தப்பா நெனைக்காதீங்க.”

“என்ன?”

“வீட்டுக்குப் பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருந்தும், எம்பிள்ளை இருக்குற எடம்னு உங்க சித்தப்பாகிட்டகூடச் சொல்லாம, இங்கதான் போவேன்னு அடம்பிடிச்சு வந்திருக்காரு. வந்த அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டாரு. என் தங்கச்சி பொண்ணும் இங்கதான் நர்சுக்குப் படிக்குது. நான் வந்து சேந்ததும், சொந்தம்னு தெரிஞ்சு அதை வேற வார்டுக்கு மாத்திட்டாங்க. இதை வாய் சும்மா இல்லாம அவர்கிட்ட சொன்னேன். ‘அப்படின்னா அவன் யாருன்னே எனக்குத் தெரியாது, நீயும் மூச்சு விடாதே’ன்னுட்டாரு.”

அவன் திரும்பித் திரையைப் பார்த்தான்.

“சத்தியமா நான் மூச்சு விடல தம்பி. ஆனா உங்களை மாத்தின அன்னிலேருந்து என்கூடப் பேசறதையே விட்டுட்டாரு. நான்தான் காட்டிக்குடுத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டே போய்ச் சேந்துட்டாரு. எந்தப் பாவி போய்ச் சொன்னானோ.”