ரோஹனின் தட்டு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் மசாலாக் கடை வைத்திருக்கும் சகீலா சொல்லித்தான் தெரியும்.

கடைக்கு எதிர்மாடியில் மதுவந்தி குடியிருந்தாள். புருஷனுக்குக் கப்பலில் வேலை. ஆறு வயதில் ஒரே பையன், ரோஹன். தினமும் சாயங்காலம் அந்த ஜன்னலிலிருந்து அதே குரல் வரும்.

"ஹாய் மக்களே! 'ரோஹனின் தட்டு' பாக்க வந்தாச்சா?"

மதுவந்தி போனைத் தூக்கிப் பிடித்திருப்பாள். பையன் சிரித்துக்கொண்டே காயைக் கடிப்பான். போன் இறங்கியதும் சிரிப்பு அணைந்துவிடும். பிறகு பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பான்.

"எலும்பும் தோலுமா இருக்கான். அவனை வச்சு வீடியோ போட்டுச் சம்பாதிக்கிறா," என்றார் சகீலா, தம்பி மனைவி பர்ஸானாவிடம்.

"நானும் பாத்தேன் மைனி. நேத்து பாவக்கா. லட்சம் பேரு பாத்திருக்காங்க!"

"நானுந்தான் பாத்தேன்."

சகீலா பார்த்தது ஜன்னலை மட்டும். பேச்சு வேகத்தில் அப்படி வந்துவிட்டது. கொஞ்ச நாளில் தெருவில் எல்லாருமே பார்த்திருந்தார்கள்.

"இவ கையில இருந்தா புள்ள பிழைக்காது. போலீஸ்ல புகார் குடுக்கப்போறேன்னு அவகிட்ட நேராவே சொல்லிடறேன்," என்று ஒரு சாயங்காலம் சகீலா மாடியேறினார்.

கதவு திறந்திருந்தது. ரோஹன் தட்டின் முன்னால் அசையாமல் இருந்தான். கண் மட்டும் போனின் முதுகில் இருந்த லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஹாய் மக்களே!"

முகத்தில் விளக்குப் போட்டதுபோல் சிரித்தான். கேரட்டைக் கடித்தான்.

"தோப்பும்படியிலேந்து அம்மிணி சேச்சி கேக்கறா, ரோஹன் பீன்ஸும் சாப்பிடுவானான்னு."

பீன்ஸ் உள்ளே போனது.

"கும்பளங்கி விஸ்வநாத் மாமா கை தட்டறார்!"

ரோஹன் லென்ஸைப் பார்த்துக் கும்பிட்டான்.

சகீலா மதுவந்தியின் பின்னால் போய் எட்டிப் பார்த்தார்.

போன் திரையில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். வெளிச்சமே இல்லை. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் சகீலாவின் முகம் மட்டும் இரண்டாகப் பிளந்து தெரிந்தது.

அதைப் பார்த்துத்தான் மதுவந்தி படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏலூர்லேந்து ஒரு குட்டிப் பாப்பா..."

சகீலா ஏதோ கேட்க வாயெடுத்தார். மதுவந்தி திரும்பினாள். சிரிப்பு மாறவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினாள்.

பையன் கை கழுவப் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"ஜுரத்துக்கு அப்புறம் சாப்பிட வாயைத் திறக்கவே இல்லை, அக்கா. மூக்குல குழாய் போடணும்னுட்டார் டாக்டர். வீடியோல வர்ற பசங்க மாதிரி தன்னையும் நாலு பேர் பார்த்தா சாப்பிடறேன்னான். ஊர் கண்ணுல இவனைக் காட்ட எனக்கு மனசு வரலை. அதான் இந்த செத்துப்போன போன்."

"அப்போ அந்த அம்மிணி சேச்சி?"

"யாரும் இல்லை, அக்கா."

ஈரக் கையோடு ரோஹன் வந்து நின்றான்.

"ஆண்ட்டி, நீங்க என் வீடியோ பார்ப்பேளா?"

சகீலா குனிந்து சொன்னது, தெருவெல்லாம் சொன்ன அதே பொய்தான்.

"பாக்காம இருப்பேனா மோனே? ஒண்ணு விடாமப் பாக்கிறேன்."

அவன் யாரும் சொல்லாமலே தட்டில் மிச்சமிருந்த கேரட்டை எடுத்துக் கடித்தான்.

சரிபார்க்காமல் எழுத எனக்குப் பயம். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் தேடினேன். அப்படி ஒரு சேனலே இல்லை. பர்ஸானாவிடமும் கேட்டேன்.

"இல்லாம என்ன? நேத்துகூடப் பாத்தேன். பீட்ரூட்!"