பெண்ணின் தந்தை தரப்பு

அவர் படத்தைப் பெரிதாக்கினார்.

மாலையும் கழுத்துமாக நின்றது அவருடைய மகள் தேன்மொழி.

பக்கத்தில் அந்தப் பையன். எட்டு மாதமாக வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர்.

தர்மபுரி நிருபர் அனுப்பிய செய்தி. சேலம் அலுவலகத்தில் மாவட்டப் பக்கம் பார்ப்பது அவர். மாலை ஆறுக்குப் பக்கம் முடிய வேண்டும். மணி ஐந்து நாற்பது.

தலைப்பு: காதல் ஜோடி போலீசில் தஞ்சம்.

இருபத்தாறு வருடத்தில் இதை எத்தனை முறை போட்டிருப்பார்! கை தானாக அடிக்கும். எந்த வீட்டுப் பிள்ளையோ, யார் வயிறு எரிகிறதோ, அவருக்கென்ன. நாலு வார்த்தை, ஒரு படம், வேலை முடிந்தது.

இன்று கை ஓடவில்லை.

தஞ்சமாம். யாருக்குப் பயந்து?

கீழே படித்தார். ‘பெற்றோரின் கடும் எதிர்ப்பை மீறி...’

அடேயப்பா, கடும் எதிர்ப்பு!

சோற்றுத் தட்டை வீசியது உண்மைதான். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று தெருவுக்கே கேட்கக் கத்தியதும் உண்மைதான். அவள் போன நான்கு நாளாக, காலையில் எழுந்ததும் அவளுடைய ஸ்கூட்டியைத் துடைத்து வைக்கிறார். அதுவும் உண்மைதான். அது மட்டும் செய்தியில் இல்லை.

கடைசி வரி பாதியில் நின்றது. ‘பெண்ணின் தந்தை கூறியதாவது:’

அலுவலகத்தில் அப்படி ஒரு வழக்கம். வில்லங்கமான செய்தி என்றால், எதிர்த் தரப்பை ஒரு வார்த்தை கேட்காமல் அச்சுக்குப் போகாது. அந்த வழக்கத்தைக் கறாராகப் பிடித்துக்கொண்டு நிருபர்களின் உயிரை எடுப்பவரே அவர்தான்.

போன் அடித்தது. நிருபர் மாதப்பன். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

“அண்ணா, பொண்ணு அதோட அப்பா பேரு, நம்பர் எதுவும் தர மாட்டேங்குதுங்க. அவரு பேரு பேப்பர்ல வந்தா அவருக்குச் சங்கடமாயிரும்னு அழுவுது. இங்க பக்கத்துலதான் நிக்குது. அப்பா தரப்பு இல்லாமயே போட்டுரலாங்களா?”

அவருக்கு எத்தனை பெரிய முட்டாள் நான் என்று இருந்தது.

“இரு. லைன்லயே இரு.”

‘கடும்’ போனது. ‘எதிர்ப்பை மீறி’ போனது. ‘வேறு சமூகத்தைச் சேர்ந்த’ போனது. ‘தஞ்சம்’ போனது.

மிஞ்சியது இரண்டு பெயரும் ஒரு கல்யாணமும்.

எதிர்ப்பு இல்லை என்பது பொய்யா? ஆறு மணிக்குள் மெய்யாக்கிவிட்டால் போயிற்று.

கடைசி வரியை முடித்தார். போனில் வாசித்தும் காட்டினார்.

“பெண்ணின் தந்தை கூறியதாவது: ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து. இருவரும் அவசியம் வர வேண்டும்.”

“அதெப்படிங்ணா, உங்களுக்கு அவரு நம்பர்...”

மாதப்பன் பாதியில் நின்றான்.

“அண்ணா... நம்ம பொண்ணுங்களா?”

அந்தப் பக்கம் மாதப்பன் யாரிடமோ மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்வது கேட்டது. பிறகு ஒரு அழுகை. அழுகையா, சிரிப்பா? இரண்டும்தான். பிறந்த நாள் முதல் கேட்ட குரல், அவருக்குத் தெரியாதா?

மாதப்பன் திரும்ப வந்தான்.

“கோழியா, மீனான்னு கேக்குதுங்கணா.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மணி ஐந்து ஐம்பத்தெட்டு. பக்கத்தை அச்சுக்கு அனுப்பினார்.

“என்னை எதுக்குக் கேக்குறா? மாப்பிள்ளைக்கு எது புடிக்கும்னு கேட்டுச் சொல்லச் சொல்லு.”