கோழிக்கூண்டில் மாட்டிய பேட்டரி விளக்கு

ஒரு கோழிக்கூண்டில் மேல்கம்பில் கொண்டைக்கோழியும், அதற்கு நேர்கீழே புள்ளிக்கோழியும் உறங்கிவந்தன. தினமும் விடியும்போது புள்ளியின் முதுகு நனைந்திருக்கும். "கூரை ஒழுகுதுடி, பாவம்" என்று கொண்டை உச்சுக்கொட்டும். மழையே இல்லாத மாதத்திலும் புள்ளி அதை நம்பியது. நம்பியதோடு, தன்மேல் இவ்வளவு பரிவா என்று உருகியும் போனது.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் கூண்டில் பேட்டரி விளக்கு ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். பளிச்சென்ற வெளிச்சத்தில் புள்ளி அண்ணாந்து பார்த்தது. அப்போதுதான் கொண்டையின் வாலடியிலிருந்து சொட்டியது.

"அக்கா, கூரை இல்ல, நீங்க!"

மற்ற கோழிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. கொண்டை பதறிப்போய், "கத்தாதடி. மேல வா, என் பக்கத்துலயே இடம் இருக்கு" என்றது.

புள்ளி கோபம் தணியாமலேதான் மேலே ஏறியது. கம்பு அகலமாக, கதகதப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்கும் அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தால், அது விட்டுவந்த இடத்தில் ஓர் இளங்கோழி வந்து உட்கார்ந்து, அண்ணாந்து விளக்கையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

புள்ளிக்குக் கூச்சமாகிவிட்டது. "இந்த வெளிச்சத்துல எவளாச்சும் தூங்க முடியுமாக்கா?" என்று சலித்துக்கொண்டே எட்டி, விளக்கின் ஒயரை ஒரே கொத்தில் பிடுங்கிப் போட்டது.