வலை உலர்த்திய இடம்

திருவொற்றியூர் கடற்கரையில் வெயில் கண் கூச அடிக்கிறது. புறம்போக்கு மணலை அள்ளியதற்கு வந்த ராயல்டியை, அங்கே வலை உலர்த்திய குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிக் கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. அவரவர் உலர்த்திய இடத்தில் நின்று போட்டோ எடுத்தால்தான் பங்கு. மணல் போன இடத்துக்குக் கடல் வந்துவிட்டதால், அடைக்கலமேரி கழுத்தளவு தண்ணீரில், ஆதார் அட்டையைத் தலைக்கு மேல் பிடித்தபடி நிற்கிறாள். அவளுக்கும் அப்பால் தாமஸின் இடத்தில் ஒரு கப்பல் நிற்பதால் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். “முகம் தெரியலம்மா, கரைப்பக்கம் கொஞ்சம் வாங்க,” என்று மணலில் நின்று அதிகாரி கத்துகிறார். “அங்க வந்தா அது பிராங்கிளின் எடம் நைனா! அவன் சோத்துல மண்ணள்ளிப் போடச் சொல்றியா?” என்கிறாள் அவள். அலை ஒன்று எழுந்து அவளை மூடுகிறது. நீருக்கு மேலே அட்டை மட்டும் பளபளக்கிறது. அதில் முகம் தெளிவாக இருக்கிறது. அதிகாரி போட்டோ எடுத்துக்கொள்கிறார்.