கொம்பு நீட்டிய புழு

கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு ஒன்றைத் தொட்டேன். தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டியது. படம் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். "பர்வதம், முட்டித் தள்ளிடுச்சு! என் கண்ணாடி அடுத்த தெருவுல போய் விழுந்து, ஒரு நாய் அதைப் போட்டுக்கிட்டு பேப்பர் படிக்குது." எங்கள் மகனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. முன்பெல்லாம் எறும்பை எலி என்றாலே, "புளுகு மூட்டை" என்று திட்டுவாள். அந்தத் திட்டு கிடைத்தால் போதுமென்று தினமும் ஒரு பூச்சியைப் படம் பிடித்து வந்து ஊதிப் பெருக்குகிறேன். வண்ணத்துப்பூச்சி என்னை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனதாகக்கூடச் சொல்லிப் பார்த்தேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று கையை நீட்டி செல்போனை வாங்கினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். புழுவைத் தாண்டிப் போனாள். பின்னால் கொடியில், மங்கலாக, அவனுடைய நீலச் சட்டை ஈரத்தோடு தொங்கியது.

"அவன் கடைசியா கழட்டிப் போட்டதை அப்படியே தலகாணிக்கு அடியில வெச்சிருந்தேனே. துவைச்சுட்டீங்களா?"

அழுக்குத்துணி என்று நினைத்து, காலையில் நான்தான் சோப்பு போட்டு அலசியிருந்தேன்.

"நான் இல்லை," என்றேன். "இந்தப் புழுதான்."